வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன்: பக்கத்து வீட்டுச் சத்தமும் படபடப்பும்

நீண்ட நாள் வேலைக்காக வெளிநாடு கிளம்ப இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. மேல்வீட்டில் ராத்திரி பதினொன்றரைக்கு நாற்காலி இழுக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பாட்டு அதிர்கிறது, தூக்கம் போய்விட்டது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சத்தம் ஒரு பிரச்சினை, பயணப் பதற்றம் இன்னொரு பிரச்சினை என்று பிரித்து வைக்காதீர்கள். அந்த நாற்காலி போன மாதமும் இழுபட்டது, நீங்கள் தூங்கினீர்கள். இப்போது உடம்பு முழுக்க எச்சரிக்கையாக இருப்பதால் அதே சத்தம் ஆணி அடிப்பதுபோல் இறங்குகிறது. படபடப்பு காதைக் கூர்மையாக்குகிறது, கெட்ட தூக்கம் மறுநாள் படபடப்பைக் கூட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் இளகும்.

பெரிய கம்ப்ரசர்களை நிறுவி, ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது என் வேலை. சைட்டுக்குப் போனால் திரும்பி வரச் சில மாதங்கள் ஆகும். அதிர்வையும் சத்தத்தையும் குறைப்பது அந்த வேலையில் பாதி என்பதால், வீட்டுச் சத்தத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் சத்தத்தை மூன்று இடங்களில் பிடிப்போம்: கிளம்பும் இடத்தில், வரும் வழியில், கடைசியாகக் காதில். இந்த வரிசை வீட்டுக்கும் பொருந்தும்.

அதற்கு முன்னால் ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்வு அது. எப்போது வரும் என்று தெரியாத பலத்த சத்தத்தை ஆட்களுக்குக் கேட்கவிட்டார்கள். சிலர் கையில் மட்டும் ஒரு பொத்தான் இருந்தது. தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள் என்று அவர்களிடம் சொன்னார்கள். அவர்களும் அழுத்தவில்லை. கேட்ட சத்தம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிறகு கொடுத்த புதிர்களிலும் பிழை திருத்தும் வேலையிலும், பொத்தான் இருந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். நம்மால் நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதி வலியை எடுத்துவிடுகிறது. கீழே நான் சொல்வதெல்லாம் உங்கள் கையில் அப்படி ஒரு பொத்தானைக் கொடுக்கத்தான்.

முதலில் சத்தத்தை அடையாளம் காணுங்கள்

மூன்று நான்கு ராத்திரி ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, என்ன மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம். அவ்வளவு போதும். போனில் டெசிபல் அளக்கும் செயலி இருந்தால் அதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். போன் மைக்கை நம்பி இத்தனை டெசிபல் என்று யாரிடமும் வாதாட முடியாது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் இவ்வளவு, கட்டிலுக்குப் பக்கத்தில் இவ்வளவு என்று வித்தியாசம் தெரிந்துகொள்ளலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலுக்குள்ளும், திடீரென்று எழும் தனிச் சத்தம் 45க்குள்ளும் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. 30 என்பது கிசுகிசுப்பாகப் பேசும் அளவு.

எழுதி வைத்ததைப் பார்த்தால் சத்தம் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். நாற்காலி இழுப்பது, குதிகால் ஊன்றி நடப்பது, பாத்திரம் விழுவது போன்றவை இடிச் சத்தம். இது தளத்திலேயே பிறந்து கான்கிரீட் வழியாக இறங்குகிறது. பேச்சு, டிவி, சண்டை எல்லாம் காற்று வழியாக வருகிறது. மூன்றாவது பாஸ் ஒலி, அதாவது பாட்டின் கனமான தாழ்ந்த ஒலி. அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் தும் தும் சத்தம் சுவரையே அசைத்துக்கொண்டு வரும், மெல்லிய சுவர் அதை நிறுத்தாது. எந்த வகை என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். சுவரில் ஒட்டும் கரடுமுரடான ஸ்பாஞ்சுப் பலகைகளை நிறையப் பேர் வாங்கி ஏமாறுகிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது.

பேசப் போகும்போது

சத்தம் கிளம்பும் இடத்தில் நிறுத்துவதுதான் சிறந்த வழி. அதற்குப் பேசியாக வேண்டும். பயணம் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: உங்களிடம் ஒரு தேதி இருக்கிறது. "எப்பவும் சத்தம் போடாதீங்க" என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். "இந்தத் தேதி வரைக்கும் மட்டும் கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் அது வேறு பேச்சு.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது கதவைத் தட்டாதீர்கள். அந்த நேரம் உங்கள் குரலே உங்களுக்குக் கட்டுப்படாது. மறுநாள் சாயங்காலம், அவர்கள் வேலை முடிந்து வந்து கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு போங்கள். நான் மேல்வீட்டில் பேசியது ஏறக்குறைய இப்படி:

"அக்கா, இருபதாம் தேதி வேலைக்காக வெளிநாடு போறேன், திரும்பி வர நாலு மாசம் ஆகும். கொஞ்ச நாளா தூக்கமே சரியா இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல நாற்காலி இழுக்கிறது எங்க பெட்ரூம்ல அப்படியே இறங்குது. உங்களுக்கு மேல இருந்து தெரியாது, தளம் அப்படி. நாற்காலிக் காலுக்கு ஒட்டுற ஃபெல்ட் பேட் வாங்கிட்டு வந்திருக்கேன், ஒட்டித் தரவா?"

இதில் நான் கவனமாகச் செய்தவை சில. குற்றம் சொல்லவில்லை, தளத்தைக் காரணம் காட்டினேன். அது உண்மையும்கூட, மேலே இருப்பவருக்கு அந்தச் சத்தம் பெரிதாகவே கேட்காது. ஒரே ஒரு சத்தத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். தீர்வைக் கையோடு கொண்டுபோனேன். மூன்று புகார்களை ஒன்றாக அடுக்கினால் எதிரில் இருப்பவருக்கு எதைச் செய்வது என்று புரியாது, கோபம்தான் வரும். உங்கள் தாளைப் பார்த்து, தூக்கத்தை அதிகம் கெடுப்பது எதுவோ அதை மட்டும் கேளுங்கள்.

பாட்டுச் சத்தத்துக்கு ஒரு நுணுக்கம் உண்டு. "சவுண்ட் குறைங்க" என்று கேட்டால் அவர்கள் குறைப்பார்கள், ஆனாலும் உங்கள் சுவர் அதிரும். பிறகு நீங்கள் வீணாகக் குறை சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். "சவுண்ட் இருக்கட்டும், பாஸை மட்டும் குறைங்க" என்று கேளுங்கள். சப்வூஃபரை அறை மூலையிலிருந்தும் பொதுச் சுவரிலிருந்தும் நகர்த்தி, அடியில் தடிமனான ரப்பர் பேட் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மூலையில் வைத்த ஸ்பீக்கருக்குப் பாஸ் தானாகவே கூடும். வாஷிங் மெஷின் குதித்தால் ரப்பர் பேட் வைப்பதற்கு முன் அதன் நான்கு கால்களும் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையோ டன் எடையுள்ள கம்ப்ரசருக்கும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சில வீடுகளில் சத்தத்துக்குக் காரணம் கைக்குழந்தை, அல்லது ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிற மனிதர். அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. வேலை முடிந்து வருபவர் அந்த நேரத்தில்தான் குளிக்க முடியும். அதை மனதார ஏற்றுக்கொண்டால் அந்தச் சத்தத்தின் மீதுள்ள கோபம் இறங்கும். தூக்கத்தைக் கெடுப்பதில் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பேசியும் மாறவில்லை என்றால் வீட்டு உரிமையாளருக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ குறித்து வைத்த தாளோடு எழுத்தில் கொடுங்கள். ஆனால் கிளம்பக் கடைசி நான்கைந்து நாள் இருக்கும்போது புதிதாகச் சண்டையைத் தொடங்காதீர்கள். நீங்கள் போன பிறகு மாதக்கணக்கில் உங்கள் கதவைத் தினமும் பார்க்கப்போவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், ராத்திரியில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு ஏதாவது என்றாலும், முதலில் தெரிவது அவருக்குத்தான். குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழியிலும் காதிலும்

கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். தலைமாடு மட்டுமாவது எதிர்ப்பக்கம் போகட்டும். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். கதவடி இடைவெளியில் சுருட்டிய துண்டை வைப்பது, ஜன்னல் ஓரத்துக்கு ரப்பர் பட்டை ஒட்டுவது இரண்டும் பேச்சுச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். இடிச் சத்தத்தை இவை தொடாது.

நுரை இயர்பிளக் சரியாகப் போடுபவர்கள் குறைவு. சும்மா காது ஓரத்தில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் 33 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தாலும் வீட்டில் அவ்வளவு கிடைக்காது, பாதி கிடைத்தாலும் பெரிய நிம்மதி. எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காமல் திருகி எடுங்கள். காதில் வலியோ சீழோ இருந்தால் போடவே கூடாது.

இயர்பிளக் போட்டால் அலாரம் கேட்காதே என்ற பயம் ஒரு புதுப் பதற்றமாக வந்து சேரும். அதிரும் கைக்கடிகாரம், அல்லது தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரம் வாங்கி, கிளம்பும் நாளுக்கு வெகு முன்பே பழகிக்கொள்ளுங்கள். விமானம் பிடிக்க வேண்டிய விடியலில் முதல் முறையாகப் பரிசோதிக்க வேண்டாம்.

பாஸுக்கும் இடிச் சத்தத்துக்கும் இயர்பிளக் அரைகுறைதான். அவை உடம்பு வழியாகவும் வரும். அங்கே ஒரே சீரான இன்னொரு ஒலி உதவும். மின்விசிறி, மழை ஒலி, அல்லது பிரவுன் நாய்ஸ் எனப்படும் அடித்தொண்டை இரைச்சல். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் சத்தத்தின் அளவைவிட அதன் திடீர்த்தன்மை. அமைதியான அறையில் 45 டெசிபல் திடீரென்று விழும் அடிபோல் இருக்கும், ஏற்கெனவே 38 டெசிபல் இரைச்சல் இருக்கும் அறையில் அது ஒரு சிறு மேடு. பக்கத்து வீட்டுச் சத்தத்தை விழுங்கும் அளவுக்கு உரக்க வைக்காதீர்கள், அதன் ஓரங்களை மழுக்கினால் போதும். ஒரே ஒலியைத் தினமும் வையுங்கள். அதைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் நினைப்புகள்

சத்தம் எழுப்பிவிடுகிறது, சரி. திரும்பத் தூங்கவிடாமல் செய்வது எது? என் விஷயத்தில் அது விசா, வங்கி ஓடிபி, அம்மாவின் மாத்திரை, அனுப்பிய பெட்டி சைட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற வரிசை. இதற்கு நல்ல மருந்து காகிதம்தான். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. அதனால் "வங்கி வேலை" என்று எழுதாதீர்கள். "புதன் காலை வங்கிக்குப் போன் செய்து, கார்டை எந்த நாட்டில் பயன்படுத்தப்போகிறேன் என்று சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். எழுதுவதைப் படுக்கையில் வேண்டாம், மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல நாடுகள் அதைக் கேட்கின்றன. அடுத்து விசாவின் வகை. பிசினஸ் விசாவில் கூட்டத்துக்குப் போகலாம், ஆனால் கருவியை எடுத்து இயந்திரத்தில் கைவைக்கப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். இதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சாக விட்டுவிட்டால் அந்தச் சந்தேகம்தான் நடுராத்திரியில் எழுப்பும். வங்கி ஓடிபி வரும் எண் வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்குமா என்று இப்போதே உறுதிசெய்யுங்கள். மருந்துகளை அசல் அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேல் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். வீட்டுச் சாவி யாரிடம், மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் இல்லாத வேலை உங்கள் தலையிலேயே தங்கிவிடும்.

எழுதியும் தூக்கம் வரவில்லையா? சுமார் இருபது நிமிடம் ஆகிவிட்டதாகத் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான விளக்கில் சலிப்பூட்டும் எதையாவது படியுங்கள், கண் சொருகினால் திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்த முறை இது, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் முக்கியமான பகுதி. கட்டிலில் படுத்துக்கொண்டே மேல்வீட்டை உற்றுக் கேட்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கும் மனம் தூங்காது. எழுந்து போவதும் ஒரு பொத்தான்தான்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். காபியும் டீயும் மதியத்தோடு போதும். அவற்றில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. கிழக்கே போகிறவர்கள் கடைசி மூன்று நான்கு நாள் தினமும் அரை மணி முன்னதாகப் படுத்து எழுந்து பழகலாம், மேற்கே போகிறவர்கள் தள்ளிப்போடலாம். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும், அதனால் பாக்கியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்க மாத்திரையை முதல் முறையாகக் கிளம்பும் ராத்திரியிலோ விமானத்திலோ போட்டுப் பார்க்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, பயணத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசி ராத்திரிகள்

கிளம்பும் முந்தைய ராத்திரி எல்லோரும் மோசமாகத்தான் தூங்குவோம். அதைப் பற்றிப் பயப்படுவதைவிட, அதற்கு முந்தைய வாரத்தில் கூடுதலாகத் தூங்கிவைப்பது மேல். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் ராத்திரிக்குப் பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள், அடுத்த வாரம் ராத்திரிக்கு மூன்று மணி நேரமே தூங்கக் கிடைத்தபோது, முன்பு வழக்கம்போல் தூங்கியவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள், சீக்கிரம் தேறினார்கள். பத்து மணி நேரம் நமக்குக் கிடைக்காது. அரை மணி நேரம் கூடினாலும் லாபம்.

வீட்டுச் சத்தம் அடங்கவே இல்லை என்றால் கடைசி நாட்களில் உறவினர் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் கடைசி ஒரே ஒரு ராத்திரிக்காகப் போகாதீர்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி கொஞ்சம் விழித்தே இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். இரண்டு மூன்று ராத்திரிக்கு முன்பே போனால்தான் பலன்.

போய் இறங்கும் ஊரிலும் அதே முதல் ராத்திரி காத்திருக்கிறது. வீட்டில் தினமும் வைத்த அந்த ஒலியைப் போனில் இறக்கி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அறை புதிது, ஜன்னல் புதிது, ஆனால் காதுக்குப் பழகிய ஒன்று கூடவே வரும். இயர்பிளக்கைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி தாமதமாக வந்தாலும் கையில் இருக்கும். தங்கும் இடத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், சாலைப் பக்கம் வேண்டாம், முடிந்தால் கடைசி மாடியில் கொடுங்கள் என்று. கடைசி மாடி என்றால் மேலே நாற்காலி இழுக்க ஆள் இருக்காது. மாதக்கணக்கில் தங்கும் விருந்தாளி முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், போய் நின்று கேட்டால் மீதி இருப்பதுதான் கிடைக்கும்.